நீறும் தணிவும்: ஒரு வினைச்சொல் ஆராய்ச்சி

ஆங்கில மொழியிலே ‘ஸ்லேக்’ என்றொரு பழைய வினை உண்டு. அன்றாடப் பேச்சில் அருகிவிட்ட அச்சொல் இன்று பெரும்பாலும் மூன்று இடங்களிலேயே உயிர்வாழ்கின்றது. தாகத்தைத் தணித்தலைக் கூறுமிடம் ஒன்று. சினம், வேட்கை, பழிக்குப்பழி வாங்கும் உணர்ச்சி முதலியவற்றை ஆற்றுதலைக் கூறுமிடம் மற்றொன்று. சுண்ணாம்பை நீற்றுதலைக் கூறுமிடம் மூன்றாவது. முதலிரண்டும் தம்முள் இயைதல் எளிதிற் புலனாகும். தாகத்தையும் வேட்கையையும் ஒன்றாகக் கருதாத மொழி உலகில் அரிது. ஆயின், நாவறண்ட மனிதனுக்கும் சூளையிலிருந்து வாரி எடுத்த கல்லுக்கும் பொதுவாக அமைந்தது யாது? இவ்வினாவின் வழியே சென்றால் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வளர்ப்பு மாத்திரமன்றித் தமிழர் நெருப்பையும் நீரையும் நோக்கிய நோக்கும் தெரியவரும். நம் மாணாக்கர் இரசாயன வகுப்பில் எழுதும் பிழையொன்றின் வேரும் அங்கேதான் கிடக்கின்றது.

ஸ்லேக் என்பதன் மூலம் பழைய ஆங்கிலத்திலுள்ள ‘ஸ்லாக்கியன்’ என்னும் வினை. தளர்தல், முயற்சியிற் சோர்தல், தாமதித்தல் என்பன அதன் தொடக்கப் பொருள்கள். இறுக்கமில்லாத கயிற்றைக் குறிக்க இன்றும் ஆங்கிலேயர் வழங்கும் ‘ஸ்லாக்’ என்னும் பெயரடையும் இதுவும் ஒரு தாய் மக்கள். இலத்தீன் மொழியில் தளர்ந்தது எனப் பொருள்படும் ‘லக்சுஸ்’ என்னும் சொல்லும் அக்குடும்பத்ததே. ஓய்வெடுத்தலைக் குறிக்கும் ‘ரிலாக்ஸ்’ அதன் வழி வந்தது. ஆகவே இவ்வினையின் பிறப்பிலே நீரும் இல்லை, நெருப்பும் இல்லை, தாகமும் இல்லை. முறுக்கேறிய ஒன்று முறுக்கவிழ்தலே உண்டு. தன்வினையாய்த் ‘தளர்தல்’ என நின்றது, பின்னர்ப் பிறவினையாய்த் ‘தளர்த்துதல்’ ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டளவில் பசி, தாகம், சினம் ஆகியவற்றின் வேகத்தைத் தளர்த்துதல் என்னும் பொருள் அதற்கு உரியதாயிற்று. தாகம் என்பது தொண்டையிற் கட்டிய கயிறு போலும். நீர் அதனை நெகிழ்த்துகின்றது.

இதனோடு ஒப்பவைத்து எண்ணப்படும் மற்றைய வினை ‘குவெஞ்ச்’ என்பது. அகராதிகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரே பொருள் கூறிச் செல்லும். பிறப்பை நோக்கின் இரண்டும் வேறு. குவெஞ்ச் நெருப்புக்கே பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ‘குவின்கன்’ என்றால் தானாக அவிதல்; ‘குவென்கன்’ என்றால் பிறிதொன்றை அவித்தல். உயிரெழுத்து ஒன்றை மாற்றித் தன்வினையைப் பிறவினையாக்கும் இம்முறை அம்மொழியில் ஒருகாலத்தில் செழித்திருந்தது. விழுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வீழ்த்துதலும், இருத்தலிலிருந்து இருத்துதலும், குடித்தலிலிருந்து நனைத்தலும் அவ்வாறே பிறந்தன. இன்று ஆங்கிலேயருள் மொழிநூல் கற்றவரன்றிப் பிறர் இதனை உணரார். அவிதலைக் குறித்த தன்வினை இறந்தொழியப் பிறவினை மட்டும் கைம்பெண் போல் நிற்கின்றது. தமிழிலோ இம்முறை இன்றும் சிறுபிள்ளையின் வாயிலும் வழுவாது வருகின்றது. அவிந்தது, அவித்தான், தணிந்தது, தணித்தான், ஆறிற்று, ஆற்றினான், நீறிற்று, நீற்றினான். பன்னீராண்டு ஆங்கிலம் படித்தும் அம்மொழியின் வினைகளுக்கு அஞ்சும் மாணாக்கனுக்கு இதனை ஒருமுறை எடுத்துக்காட்டினால் அச்சம் பாதி நீங்கும். அவன் தன் தாய்மொழியிற் கையாளும் கருவியே அங்கும் ஒருகாலத்தில் இருந்தது.

அவித்தலும் தளர்த்துதலும் ஒன்றல்ல என்பதைச் சேக்சுபியர் நன்கு உணர்ந்திருந்தார். 1594இல் வெளிவந்த ‘லுக்ரீஸ்’ என்னும் கதைச்செய்யுளில், தீய வேட்கை கொண்ட டார்க்வினின் வெறி அவளைக் கண்ணாற் கண்டளவிலே சிறிது தளர்ந்ததாயினும் அடங்கிவிடவில்லை என்று கூறுமிடத்து, அவர் ஆள்வது இத்தளர்தல் வினையையே. தணிவு வேறு, ஒழிவு வேறு என்னும் நுட்பம் அவ்விடத்தில் கதைக்கே உயிராகின்றது. தணிந்த வெறி மீண்டும் எழும். அவிந்த வெறி எழாது. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்ப்பவர் அக்காட்சியின் கொடுமையைத் தவறவிடுவர்.

இனிச் சுண்ணாம்புக்கு வருவோம். சுண்ணாம்பை நீற்றுதற்கு ஆங்கிலேயர் இவ்வினையை வழங்கத் தொடங்கியது பதினேழாம் நூற்றாண்டில். ஆயின் இக்கருத்து அவர்கள் படைத்ததன்று. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான பழைய கருத்து. சுட்டெடுத்த சுண்ணாம்பை இலத்தீன் மொழியினர் ‘உயிருள்ள சுண்ணாம்பு’ என்றனர். பிரெஞ்சுக்காரர் அவ்வாறே கூறுவதோடு, நீரேற்ற பின் அதனை ‘அவிக்கப்பட்ட சுண்ணாம்பு’ என்பர். ஆங்கிலத்திலுள்ள ‘குயிக்லைம்’ என்பதன் முற்பாதிக்கு விரைவு என்பது பிற்காலப் பொருள். உயிருள்ளது என்பதே பழம்பொருள். செருமானியரின் ‘லோஷன்’ என்னும் ஒரே வினை தீயை அவித்தலையும், தாகத்தைத் தணித்தலையும், சுண்ணாம்பை நீற்றுதலையும் சேர்த்துக் குறிக்கும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலை இயற்றிய அகஸ்தீன் என்னும் கிறித்தவப் பெரியார் அதன் இருபத்தோராம் பகுதியில் இச்சுண்ணாம்பைக் கண்டு வியந்து நிற்கின்றார். கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் தீ உறைகின்றது. உடலுள் உறையும் உயிர் போன்றிருத்தலினாலே அதனை உயிருள்ள சுண்ணாம்பு என்றார்கள். தீயை அவிக்கும் நீரை வார்த்தால் இது கொதிக்கின்றது. தீயை வளர்க்கும் எண்ணெயை வார்த்தாலோ சும்மா கிடக்கின்றது. அவித்தல் என்று பெயரிட்டுக்கொண்டு எரிய வைக்கிறோமே என்பது அவரது வியப்பு. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வினா நல்ல இரசாயன ஆசிரியன் ஒருவன் வகுப்பைத் தொடங்கத்தக்க வினாவாகும்.

அதற்குரிய விடையை மாத்தளைப் பகுதிச் சுண்ணாம்புச் சூளைகளில் வேலைசெய்தோர் கையால் அறிந்திருந்தனர். இப்பகுதியின் கல், யாழ்ப்பாணத்துக் கல்லைப் போலக் கடலுயிர் ஓடுகள் படிந்து உண்டான அடையற் பாறையன்று. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பளிங்குத்தன்மை வாய்ந்த பழம்பாறை. கல்சியத்தோடு மகனீசியமும் கலந்த தொலமைற்று வகை அதில் மிகுதி. அதனைச் சுடாமலே பொடித்துத் தேயிலைத் தோட்ட மண்ணின் புளிப்பை மாற்ற இடுவதுமுண்டு. கல்சியம் காபனேற்றை ஏறத்தாழத் தொள்ளாயிரம் பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகின்றது. 100 இறாத்தல் தூய கல்லுக்கு 56 இறாத்தல் சுட்ட சுண்ணாம்பே எஞ்சும். உருவம் மாறாது, கல் கல்லாகவே இருக்கும், தூக்கிப் பார்த்தால் மட்டும் கனம் குறைந்திருக்கும். அதன்மேல் நீர் தெளிக்கச் சிறிது நேரம் ஒன்றும் நிகழாது. பின்னர்க் கல் சீறும், ஆவி எழும், வெடிக்கும், பருக்கும், ஈற்றில் வெண்பொடியாய் உதிரும். அந்த 56 இறாத்தலும் 18 இறாத்தல் நீரை உள்ளே வாங்கி 74 இறாத்தல் பொடியாகும். அப்பொடியில் ஈரம் இராது. வாங்கிய நீரும் திடப்பொருளாய்விட்டது. மகனீசியம் கலந்த கல்லோ நீரை மெல்லவே ஏற்கும். அவசரப்படுபவனின் சுவரிற் பூசிய பின்பும் நீறிக்கொண்டிருக்கும். சிங்களத்தில் சூளையைக் குறிக்கும் ‘போரணுவ’ என்ற சொல்லும், யாழ்ப்பாணத்தார் பாண் சுடும் அடுப்புக்கு வழங்கும் ‘போறணை’ என்ற சொல்லும் போர்த்துக்கேயரின் ‘போர்னோ’ வழிவந்த உடன்பிறப்புகள் என்பது இடையிற் குறிக்கத்தக்கது.

ஐரோப்பியர் இந்நிகழ்ச்சியில் கண்டது தாகம். கல் நீரைக் குடிக்கின்றது; குடித்து அடங்குகின்றது; உயிர் போகின்றது. தமிழர் கண்டது வேறு. தமிழில் இப்பொருளுக்கு வழங்கும் பெயர்களை நோக்குக. சுண்ணம், சுண்ணாம்பு என்பன ‘சூர்ணம்’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையன, பொருள் பொடி. நூறு என்பது பொடித்தலைக் குறிக்கும் வினையடியாக வந்த பெயர். மலையாளத்தார் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இன்றும் அப்பெயராலேயே அழைப்பர். நீறு என்பதும் பொடியே, சாம்பலே. மூன்று பெயரும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நீர் வார்த்தலையோ கல் குடித்தலையோ தமிழர் பெயராக்கவில்லை; கல்லாயிருந்தது பொடியாய் உதிர்ந்த அந்த முடிவையே பெயராக்கினர். நீறுதல் என்றால் பொடியாதல். நீற்றுதல் என்றால் பொடியாக்குதல். அதனாலேயே ஒரே வினை நெருப்பாற் சுட்டு நீறாக்குதலுக்கும் நீரால் உதிர்த்து நீறாக்குதலுக்கும் பொருந்துகின்றது. சித்த மருத்துவர் உலோகத்தைப் புடமிட்டுப் பற்பமாக்குதலையும் நீற்றுதல் என்பர். வழி இரண்டு, முடிவு ஒன்று.

சைவ மாணாக்கருக்கு இச்சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையிலே நெற்றியில் அணிந்துகொண்டே பாடசாலைக்கு வருகின்றனர். திருநீறும் சுண்ணாம்பு நீறும் ஒரே சொல் என்பதை மட்டும் நினைவூட்ட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இச்சொல் இரு பெருங்கதைகளின் நடுவே நிற்கின்றது. ஒன்று, திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் அடைப்பித்த கதை. நீற்றறை என்றால் சுண்ணாம்புச் சூளை. அறை என்ற சொல்லைக் கண்டு அதனை இருட்டறை, சிறையறை என்று மாணாக்கர் பொருள் எழுதுவதுண்டு. சூளையைக் கண்ணாற் கண்டவனுக்கே அத்தண்டனையின் கொடுமை விளங்கும். ஏழு நாட்களின் பின் கதவைத் திறந்தபோது அடிகள் ஊனமின்றி இருந்தார் என்பது புராணம். அவ்விடத்திற் பாடப்பெற்றதென்று போற்றப்படும் பாட்டில் இறைவன் திருவடிக்கு ஐந்து இனிய பொருள்கள் உவமையாகின்றன. இலக்கியச் சுவைஞன் உற்றுநோக்க வேண்டியது யாதெனின், அப்பாட்டில் தீ அவிந்தது என்ற சொல்லே இல்லை. திருவடியை அவர் நிழல் என்கின்றார். வெயில் எரிந்துகொண்டிருக்க, அதன் கீழேயே உண்டாவது நிழல். சூளையின் வெப்பத்தை ஒழிக்குமாறு வேண்டாமல், வெப்பத்தினுள்ளே குளிர்ச்சியைக் கண்டவர் அவர். ஆங்கிலத்தின் இரு வினைகளுள் எது இதற்குப் பொருந்தும் என்று கேட்டால், குவெஞ்ச் ஒருபோதும் பொருந்தாது. ஸ்லேக் ஓரளவு பொருந்தும். முறுக்கு நெகிழ்ந்தது, நெருப்பு நெருப்பாகவே இருந்தது.

மற்றைய கதை ஞானசம்பந்தர் மதுரையிற் பாண்டியனின் வெப்புநோயைத் திருநீறு கொண்டு தணித்தது. எரிந்து தணிந்த பொருளே எரியும் உடலைத் தணிக்கின்றது என்னும் நயம் அக்கதையின் அடியில் ஓடுகின்றது. உரைப்போர் பலர் பதிகத்தின் பெருமையைக் கூறி, நீறு என்னும் சொல்லின் பெருமையை விட்டுவிடுகின்றனர்.

இவ்வளவு வரலாறுடைய சொல்லுக்குப் பாடசாலையில் நேர்ந்தது யாது? கல்சியம் ஒட்சைட்டை ‘நீறாத சுண்ணாம்பு’ எனவும், கல்சியம் ஐதரொட்சைட்டை ‘நீறிய சுண்ணாம்பு’ எனவும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்குவது பொருத்தமே. தமிழகத்தார் ‘நீற்றுச் சுண்ணாம்பு’ என்பதும் பொருத்தமே. ஆயினும் விடைத்தாள்களிலும் சிற்சில அச்சுநூல்களிலும் ‘நீர்த்த சுண்ணாம்பு’ என்ற வடிவம் புகுந்துவிட்டது. இது எழுத்துப்பிழை என்று சிவப்பு மையாற் சுழித்துவிட்டு நகரத்தக்கதன்று. பேச்சிலே நீற்று என்பதும் நீர்த்து என்பதும் ஏறக்குறைய ஓரொலியாக மயங்கிவிடுகின்றன. சோதனைக் குழாயில் நீரை ஊற்றுவதை மாணாக்கன் கண்ணாற் காண்கிறான். ஆகவே சொல்லிலும் நீரைக் கேட்கிறான். ஆங்கிலப் பெயரின் தாகக் கருத்தை ஆசிரியர் விளக்கியிருப்பாராயின் அம்மயக்கம் மேலும் உறுதிப்படும். ஐரோப்பியரின் நோக்கு தமிழ்ச்சொல்லினுள்ளே களவாகப் புகுந்து அதன் எழுத்தையும் மாற்றிவிட்டது எனலாம்.

நீர்த்தல் என்பதற்குத் தமிழில் வேறு பொருள் உண்டு. நீர் கலந்து வலிமை குன்றுதலே அது. தமிழகப் பாடநூல்களில் நீர்த்த அமிலம் என்றால் வலிமை குறைத்த அமிலம். இலங்கைப் பாடநூல்கள் அதனை ஐதான அமிலம் என்று வழங்குதலினால், இங்குள்ள மாணாக்கனுக்கு இரு சொற்களும் ஒன்றோடொன்று மோதுவது தெரிவதில்லை. பிழை ஓசையின்றித் தங்கிவிடுகின்றது. நீர்த்த சுண்ணாம்பு என்று படித்தவன் அது வீரியம் குறைந்தது, தீங்கற்றது என்று கருதுவானாயின் அது அவன் குற்றமன்று. நீறிய சுண்ணாம்பு தீங்கற்றதன்று. சுண்ணாம்புச் சாறு கடுங்காரமானது. கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்க வல்லது. வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு சிறுபிள்ளைகளின் கண்ணிற் தெறித்து விளையும் துன்பம் மருத்துவர் நன்கறிந்தது. ஓரெழுத்து மாறிய சொல் ஒரு பிள்ளையின் எச்சரிக்கையைக் குறைக்குமாயின், ரகர றகர வேறுபாடு இலக்கணப் பண்டிதரின் பிடிவாதம் என்று நகைப்பதற்கு இடமில்லை. ‘நீரேறிய சுண்ணாம்பு’ என்று எவரேனும் எழுதினால் அதனைப் பிழையென்று தள்ளவும் இயலாது. அது இரசாயன உண்மையைக் கூறுகின்றது. ஆனால் சூளைத் தொழிலாளியின் நாவிற் பிழையின்றி வாழ்ந்த ஒரு சொல் இருக்கப் புதியதொன்றைக் கட்டுவானேன்?

சுண்ணாம்பை விட்டுத் தாகத்துக்குத் திரும்பினால், தமிழின் செல்வம் திகைக்க வைப்பதாகும். இலங்கைத் தமிழர் தாகத்தை ‘விடாய்’ என்பர். விடாய் தீரும், தாகம் தணியும், பசி ஆறும், வேட்கை அடங்கும், தீ அவியும், சினம் ஆறும். இவை ஒன்றுக்கொன்று ஈடாக வருவன போலத் தோன்றினும் வருவதில்லை. தீர்தல் என்பது கணக்கு முடிதல். கடனும் நோயும் ஐயமும் தீர்வன போலத் தாகமும் தீரும். தணிதல் என்பது உயர்ந்தது தாழ்தல். காய்ச்சலும் விலையும் குரலும் தணிவன. முருகன் போர்ச்சினம் தணிந்து அமர்ந்த இடம் என்றே திருத்தணிகைக்குப் பெயர்க்காரணம் கூறுவர். ஸ்லேக் என்னும் ஆங்கில வினையின் உள்ளத்துக்கு மிக நெருங்கி நிற்கும் தமிழ்வினை தணித்தலே. இரண்டும் அளவைக் குறைப்பன, அடியோடு அழிப்பனவல்ல.

ஆற்றுதலோ ஒரு விந்தையான சொல். மாசித் தேர்த் திருவிழாவின்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியில் மோர்ப்பந்தல் வைத்து அடியார் களைப்பை ஆற்றுவோர், அச்சொல்லுக்கு நேர் எதிரான பொருளொன்றும் உண்டென்பதை எண்ணியிருக்கமாட்டார். ஈகை அதிகாரத்துள் 225ஆம் குறளில் வள்ளுவர் பசியாற்றலைத் தவத்தோரின் வலிமை என்கிறார். அங்கே ஆற்றல் என்பது உண்டு தீர்த்தலன்று, உண்ணாது பொறுத்தல். பரிமேலழகர் கொண்ட பொருளும் அதுவே. பிறர் பசியைப் போக்குதற்கு அக்குறளில் வள்ளுவர் மாற்றுதல் என்னும் வேறு வினையை ஆள்கின்றார். தன் பசியைப் பொறுப்பவன் வலிமை, பிறன் பசியை மாற்றுபவன் வலிமைக்கு அடுத்த நிலையதே என்பது கருத்து. இன்று பசியாற்றுதல் என்றால் சோறிடுதல் என்றே எவரும் கொள்வர். அதனால் ‘தவசிகளின் ஆற்றல் பசித்தவர்க்கு உணவளித்தல்’ என்று தலைகீழாய் உரை எழுதும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளர். அவர்களை நகுதல் எளிது. பொறுத்தலும் தணித்தலும் ஒரே வினையிற் கூடிய அந்த இடத்தை விளக்குதலே ஆசிரியன் கடன். பொறுக்க முடிந்த பசி ஓரளவு தணிந்த பசியாகின்றது. ‘ஆறுதல்’ என்று துயருற்றவரிடம் நாம் கூறுவதும் துயரைப் போக்குதலன்று, பொறுக்கச் செய்தலே.

அவித்தல் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். புலன்களை வென்றவனை வள்ளுவர் முதலதிகாரத்து 6ஆம் குறளிலும், நீத்தார் பெருமையில் 25ஆம் குறளிலும் ஐந்தை அவித்தவன் என்கின்றார். அதற்கு முந்திய 24ஆம் குறளில் அவர் ஆள்வது காத்தல். அடக்கமுடைமையுள் 126இல் அடக்கல். துறவு அதிகாரத்து 343இல் அடல். ஒரே செயலுக்கு நான்கு வினை. இவற்றுள் அவித்தல் மட்டும் அடுக்களைக்கும் உரியது. நெல்லை அவிக்கிறோம், கிழங்கை அவிக்கிறோம். அவித்த நெல் நெல்லாகவே தோற்றும்; ஆயின் முளைக்காது. பரிமேலழகர் புலன்கள்மேற் செல்லும் அவாவை அறுத்தல் என்று உரைத்தார். அடுக்களைப் பொருளை அவர் கருதியதற்குச் சான்றில்லை. ஆயினும் தோட்டத்து லயத்தில் மாலைதோறும் கிழங்கு அவிவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, முளைக்கும் ஆற்றல் ஒழிந்தும் உருவம் ஒழியாத அவ்வித்தைக் காட்டிப் புலனடக்கத்தை விளக்குதல் உரைக்கு மாறாகாது; உரைக்கு வெளிச்சமாகும்.

மாத்தளை நகரிலிருந்து வடக்கே சிறிது தொலைவிலுள்ள அலுவிகாரைக் குகைகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிய பாளித் திரிபிடகம் அங்கே ஏட்டில் எழுதப்பெற்றது. அந்நூல்கள் துன்பத்தின் வேராகக் கூறும் ‘தண்ஹா’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் தாகம். துன்பத்தின் முடிவாகக் கூறும் ‘நிப்பான’ என்ற சொல் விளக்கு அவிதலைக் குறிப்பது. வேர் தாகமாகவும் முடிவு தீயவிதலாகவும் இரு உருவகங்கள் ஒரே கோட்பாட்டிற் கலந்து நிற்கின்றன. சிங்கள மொழியிலும் நிருவாணத்தைக் குறிக்கும் ‘நிவன’ என்ற சொல்லும் விளக்கை அவித்தலைக் குறிக்கும் ‘நிவனவா’ என்ற வினையும் அருகருகே வாழ்கின்றன. அயலில் வாழும் மக்கள் இரவில் விளக்கை அவிக்கும்போது வாயில் வரும் சொல்லிலேயே அவர்தம் சமயத்தின் முடிந்த முடிபு ஒலிப்பதைத் தமிழ் மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

விளக்கை அவிக்கும் சொல்லிலே தமிழர் தம்முள்ளும் ஒன்றுபட்டிலர். அணைத்தல் என்பது பெருவழக்கு. சில ஊரார் அமர்த்துதல் என்பர். சுவாமி விளக்கைக் குளிரவைத்தல் என்று மங்கலமாகக் கூறுவதும் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு அது நூர்த்தல். மலைநாட்டு வகுப்பறையில் வடபுலத்து ஆசிரியர் விளக்கை நூர்க்கச் சொன்னால் பிள்ளை விழிப்பான். அவனைக் கண்டிப்பதும் தகாது, ஆசிரியர் மொழியைக் கொச்சை என்பதும் தகாது. நூர்தல் அகராதி ஏறிய நல்ல சொல். சுண்ணாம்பைக் குறிக்கும் நூறு என்ற சொல்லோடு அதனை ஒலியொப்புமை கொண்டு உறவாக்க முயல்வதே தகாது. முன்னர்க் கூறிய ரகர றகர வேலியை ஈண்டும் தாண்டலாகாது.

இனி, மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்கும் ஓரிடம். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் ஆங்கில விவிலியம் குவெஞ்ச் என வழங்கும் இடங்களுள், மங்கும் திரியைப் பற்றிய இடத்தில் அணைத்தலையும், ஆவியைப் பற்றிய இடத்தில் அவித்தலையும் அமைத்தனர். திரிக்கு மென்மையான சொல், ஆவிக்கு வன்மையான சொல். ஆராய்ந்து செய்த தேர்வாகவே அது தோன்றுகின்றது. கோல்ரிட்சு 1798இல் வெளியிட்ட ‘பண்டைக் கடலோடி’ப் பாட்டில் இதனினும் கடிய இடமொன்று உண்டு. காற்றற்ற கடலில் நீரின்றி வாடும் கப்பலோட்டிகளின் தொண்டையை அவர் ஸ்லேக் செய்யப்படாதது என்கின்றார். அடுத்த நொடியிலேயே அவர்தம் கரிய உதடுகளைச் சூளையிற் சுடப்பட்டவை போலக் கூறுகின்றார். சுடுதலையும் நீற்றாமையையும் அடுத்தடுத்து வைத்தபோது அவர் கண்முன் நின்றது தாகித்த மனிதன் மட்டுமன்று, நீறாத சுண்ணாம்பும் போலும். விடாய் தணியாத தொண்டை என்று பெயர்த்தால் மனிதன் வருவான், கல் வராது. நீறாத தொண்டை என்று பெயர்த்தால் கல் வரும், தாகம் வராது. தமிழ் வாசகன் பொடியாகாத தொண்டை என்று மருளுவான். ஐரோப்பியர் தாகத்தைக் கண்ட இடத்தில் தமிழர் சாம்பலைக் கண்டமையால் நேர்ந்த இடர் இது. இரண்டுள் ஒன்றை விட்டே ஆகவேண்டுமெனில் கல்லை விட்டு மனிதனைக் காப்பதே மொழிபெயர்ப்பாளன் செய்யத்தக்கது. உதடுகளைக் கூறும் சொல்லிலேனும் சுட்ட கல்லின் வெம்மையைச் சிறிது ஏற்றிவைப்பானாயின், சூளையைக் கண்ட வாசகன் எஞ்சியதைத் தானே உணர்ந்துகொள்வான்.